பாவித்த பென்ஸ் காரும் விலைக்கு வாங்கும் உத்தரவாதமும்

ஈய எழுத்துகளைக் கையால் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலத்தில் நான் இத்தொழிலுக்கு வந்தவன். அந்நாளில் ஒப்புநோக்குநர் எவரும் விரும்பி ஏற்காத பணி ஒன்று இருந்தது. கேள்வி அறிவித்தல்கள், ஏல அறிவித்தல்கள், நீதிமன்ற அறிவித்தல்கள் ஆகியவற்றின் அச்சுப்படிகளைத் திருத்துவதே அது. எல்லாம் மிகச் சிறிய எழுத்தில் அமைந்திருக்கும். 'தவிர', 'மட்டும்', 'உட்பட்டு' என்ற சொற்களில் ஒன்று விடுபட்டாலும் அறிவித்தலின் பொருள் தலைகீழாகிவிடும். "பெரிய எழுத்தை ஊரே வாசிக்கும், சின்ன எழுத்தை வாசிக்கத்தான் உமக்குச் சம்பளம்" என்று எங்கள் மூத்த ஒப்புநோக்குநர் புதியவர்களிடம் சொல்வார்.

அந்தப் பயிற்சி ஒரு மோட்டார் கார் விடயத்தில் பயன்படும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. 2023ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டனில் வாழும் தங்கையின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அவளுடைய மகன் ஹரோ பகுதியில் வசிக்கிறார். பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலையில் தொடங்கி, இன்று சிறிய கடையொன்றுக்கு உரிமையாளராக உயர்ந்தவர். அவருடைய தந்தை, அதாவது என் மைத்துனர், யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ-40 காரில் வாடகைக்கு ஓடிக் குடும்பத்தைக் காத்தவர். ஊரில் பென்ஸ் காரை மற்றவர்களின் கலியாண வீட்டு வாசலில் மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, தாயைத் தன் சொந்தப் பென்ஸ் காரில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. இதில் நகைப்பதற்கு ஏதுமில்லை. மனிதர்கள் கார் வாங்குவது போக்குவரத்துக்காக மட்டுமன்று.

அவர் தெரிவுசெய்திருந்தது 2016ஆம் ஆண்டு மெர்சிடிஸ் எஸ் வகுப்பு டீசல் கார். புதிதாக எழுபதாயிரம் பவுண் அளவில் விற்கப்பட்ட அந்த வாகனத்துக்கு ஏழு ஆண்டுகளின் பின்னர் விற்பனையாளர் கேட்ட விலை 23,500 பவுண். அதனோடு இன்னொரு தாளையும் நீட்டினார். மேலதிகமாக 2,100 பவுண் செலுத்தினால் இரண்டு ஆண்டுகளுக்கு 'நீடித்த உத்தரவாதம்' கிடைக்கும் என்றும், அன்றே கையொப்பமிட்டால் 1,900 பவுணுக்குத் தரலாம் என்றும் சொன்னாராம். மருமகன் ஒப்பமிடாமல் 28 பக்க ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என்முன்னே வைத்தார்.

"மாமா, வாழ்நாள் முழுக்க எழுத்துகளோட மல்லுக்கட்டின ஆள் நீங்கள். நான் கையெழுத்து வைக்க முதல் இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

அவர் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அவருடைய நண்பர் ஒருவர் முந்திய ஆண்டில் பாவித்த ரேஞ்ச் ரோவர் ஒன்றை இதுபோன்ற உத்தரவாதத்துடன் வாங்கியிருந்தார். ஒருநாள் காலையில் கார் ஒருபக்கம் சரிந்து நின்றது. இவ்வகைக் கார்களில் சுருள்வில்லுக்குப் பதிலாகச் சில்லுகளுக்கு மேலே இறப்பரால் ஆன காற்றுப் பைகள் உண்டு. கொம்பிரசர் ஒன்று அவற்றுக்குக் காற்றை நிரப்பும். ஆண்டுகள் செல்ல இறப்பர் வெடித்துக் காற்றுக் கசியத் தொடங்கும். கசியும் காற்றை ஈடுசெய்யக் கொம்பிரசர் ஓய்வின்றி இயங்கி, ஈற்றில் எரிந்துபோகும். நண்பர் பணம் கோரியபோது வந்த பதில் இது: கொம்பிரசர் உத்தரவாதத்தில் அடங்கும், ஆனால் அது பழுதானது காற்றுப் பை கசிந்ததால், காற்றுப் பை கசிந்தது தேய்மானத்தால், தேய்மானம் உத்தரவாதத்தில் அடங்காது, ஆகவே கொம்பிரசருக்கும் பணம் இல்லை. இந்தத் தர்க்கத்தில் ஒரு கண்ணியையேனும் பொய்யென்று கூறமுடியாது. இருந்தும் அந்த மனிதர் செலுத்திய பணத்துக்கு அவர் கையில் எஞ்சியது மறுப்புக் கடிதம் ஒன்றுதான்.

உயர்ரகக் காரைப் பாவித்த நிலையில் வாங்குவோர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. காரின் விலை ஆண்டுதோறும் வீழ்கிறது. அதன் உதிரிப்பாகங்களின் விலையும் திருத்துபவரின் கூலியும் வீழ்வதில்லை. 23,500 பவுணுக்கு வாங்கினாலும், பழுதடையும் நாளில் அது எழுபதாயிரம் பவுண் காராகவே நடந்துகொள்ளும். மருமகன் தெரிவுசெய்த காரின் ஆறு உருளை டீசல் இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதி இயந்திரத்தின் நடுவே, இரு உருளை வரிசைகளுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் பொருத்தப்பட்டுள்ளது. அங்குள்ள இறப்பர் முத்திரைகள் நாளடைவில் கசிவது அந்த இயந்திரத்தின் அறியப்பட்ட குறைபாடு. முத்திரையின் விலை அற்பம். அதனை அடைவதற்கு இயந்திரத்தின் மேற்பகுதி முழுவதையும் கழற்ற வேண்டும் என்பதால், பற்றுச்சீட்டில் பெரிய தொகை கூலியாகவே வரும்.

ஆகவே அச்சம் நியாயமானது. விற்பனையாளர் அந்த அச்சத்தை உண்டாக்கவில்லை; அதற்கு ஒரு விலையைக் குறித்தார். அந்த விலைக்கு எதனைத் தருகிறார் என்பதே என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி.

ஒப்பந்தத்தை இரண்டு இரவுகள் வாசித்தேன். முதலில் தேடியது வாக்குறுதி அளிப்பவர் யார் என்பதை. காரை விற்பவர் அல்லர். அவர் இதனை விற்றுக்கொடுப்பவர் மாத்திரமே. கோரிக்கைகளைப் பரிசீலிப்பது இன்னொரு கம்பனி. இது காப்புறுதி அன்று என்றும், பணம் வழங்குவது கம்பனியின் தற்றுணிபுக்கு உட்பட்டது என்றும் பதினொராம் பக்கத்தில் ஒரு வரி கிடந்தது. பிரித்தானியாவில் இந்த வேறுபாடு முக்கியமானது. காப்புறுதியாக விற்கப்படும் உத்தரவாதம் நிதி நடத்தை அதிகாரசபையின் கண்காணிப்பில் வரும். பிணக்கு ஏற்பட்டால் நிதித்துறைக் குறைகேள் அதிகாரியிடம் செல்லலாம். காப்புறுதிக் கம்பனி முறிந்தால் இழப்பீட்டுத் திட்டமும் உண்டு. காப்புறுதி அல்லாத உத்தரவாதத்துக்கு இந்தப் பாதுகாப்புகள் பொதுவாகக் கிடைப்பதில்லை. அந்தக் கம்பனி மோட்டார் துறைக்கென 2016இல் உருவான குறைகேள் அமைப்பில் அங்கத்துவம் பெற்றிருந்தால் அங்கே முறையிடலாம். பெற்றிராவிட்டால் நீதிமன்றமே கதி.

அடுத்தது 'பழுது' என்ற சொல்லுக்கு அவர்கள் தந்த வரைவிலக்கணம். ஒரு பாகம் 'திடீரென்று, எதிர்பாராத வகையில்' செயலிழப்பதே பழுது. மெல்ல மெல்லக் கெடுவது தேய்மானம். மனித உடலைப் போலவே காரிலும் பெரும்பாலானவை மெல்ல மெல்லத்தான் கெடுகின்றன. ஏழு வயதுக் காரில் எதுதான் எதிர்பாராதது? சில ஒப்பந்தங்கள் குறிப்பிட்ட மைல் எல்லைவரை தேய்மானத்தையும் ஏற்கின்றன. இந்த ஒப்பந்தம் ஏற்கவில்லை.

மூன்றாவது, எவை அடங்கும் என்ற பட்டியல். உத்தரவாதங்களில் இருவகை உண்டு. அடங்கும் பாகங்களைப் பெயர் குறித்துப் பட்டியலிடுவது ஒன்று. அடங்காதவற்றை மட்டும் பட்டியலிட்டு ஏனைய எல்லாவற்றையும் ஏற்பது மற்றையது. பின்னையதே மேலானது. மருமகனுக்குத் தரப்பட்டது முன்னையது. இயந்திரமும் கியர்ப் பெட்டியும் அடங்கும் என்று பெரிய எழுத்தில் பெருமையாக எழுதியிருந்தார்கள். ஆனால் காற்றுப் பைகள், முன்விளக்குத் தொகுதி, திரைகள், உணரிகள், எண்ணெய் முத்திரைகள் ஆகியன பட்டியலில் இல்லை. அந்தக் காரில் எவை பழுதாகும் என்று நாம் அஞ்சினோமோ அவை பெரும்பாலும் வெளியேதான் நின்றன.

நான்காவது, பண எல்லைகள். ஒரு கோரிக்கைக்கு உச்ச அளவு 2,000 பவுண். கூலியாக மணிக்கு 75 பவுண் வரையே தருவார்கள். அந்தக் கார்க் கம்பனியின் அதிகாரபூர்வத் திருத்தகத்தில் மருமகன் விசாரித்தபோது மணிக்கு 190 பவுண் என்றார்கள். பத்து மணிநேர வேலையில் கூலி வேறுபாடு மட்டும் 1,150 பவுண். இது, கோரிக்கை முழுமையாக ஏற்கப்பட்ட நிலையில் உரிமையாளர் கையிலிருந்து செல்லும் தொகை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஐந்தாவது, நடைமுறை. கம்பனியின் அனுமதி கிடைக்குமுன் திருத்த வேலையைத் தொடங்கக்கூடாது. பழுதைக் கண்டறிய இயந்திரத்தைக் கழற்ற வேண்டுமாயின் அதற்கு உரிமையாளரே பொறுப்பேற்க வேண்டும். கழற்றிப் பார்த்தபின் அது அடங்காத பழுதென்று தெரியவந்தால் கழற்றிய கூலியும் அவர் தலையில். குறித்த மைலுக்குள் சேர்விஸ் செய்து பற்றுச்சீட்டுகளைப் பேணாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. முதல் 30 நாள்களில் ஏற்படும் பழுதுகளுக்கும், வாங்கும்போதே இருந்த பழுதுகளுக்கும் எதுவும் கிடைக்காது.

இந்த இறுதி நிபந்தனையில் என் பேனா நின்றது. ஏனெனில், வாங்கும்போதே இருந்த பழுதுகளுக்கு அந்நாட்டுச் சட்டம் ஏற்கெனவே பரிகாரம் அளிக்கிறது, அதுவும் இலவசமாக. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம் பாவித்த கார்களுக்கும் பொருந்தும். வர்த்தகர் ஒருவர் விற்கும் கார், அதன் வயதையும் விலையையும் ஓடிய தூரத்தையும் கருத்திற்கொண்டு, திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும். அவ்வாறு இல்லையெனில் முதல் 30 நாள்களுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பின்னரும், ஆறு மாதங்களுக்குள் குறைபாடு வெளிப்பட்டால், அது விற்றபோதே இருந்தது என்று சட்டம் அனுமானிக்கிறது. அப்படியன்று என நிரூபிக்கும் பொறுப்பு விற்பனையாளருக்கே உரியது. திருத்திக்கொடுக்க அவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அதில் தவறினால், பாவித்த அளவுக்குக் கழிவு வைத்துக் காரை மீள ஒப்படைக்கலாம். அல்லது விலைக்குறைப்புக் கேட்கலாம். விலையில் ஒரு பகுதியையேனும் கடன் அட்டையில் செலுத்தியிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை வழங்கிய நிறுவனமும் பொறுப்பாகும். பொருளின் விலை 100 பவுணுக்கு மேலாகவும் 30,000 பவுணை விஞ்சாமலும் இருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை.

இவற்றில் ஒன்றையேனும் விற்பனையாளர் வாய்திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் 2,100 பவுண் தாளின் முதல் ஆறு மாதங்கள் பெரும்பாலும் வெறுமையானவை என்பது வெளிப்பட்டிருக்கும். (தனியாரிடம் கார் வாங்குவோருக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன். அங்கே, கார் விபரிக்கப்பட்டவாறு இருக்கிறதா என்பதற்கு மேல் அதிகம் கேட்க முடியாது.)

பாவித்த கார்ச் சந்தையைப் பற்றிப் பொருளியல் உலகம் அறிந்த கட்டுரை ஒன்று உண்டு. ஜோர்ஜ் அகர்லோவ் 1970இல் வெளியிட்ட அதற்கு 'எலுமிச்சம்பழச் சந்தை' என்ற பொருளில் தலைப்பிட்டிருந்தார். அமெரிக்கப் பேச்சு வழக்கில் எலுமிச்சம்பழம் என்றால் வாங்கியபின் காலைவாரும் கார். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லாக் காருக்கும் குறைத்தே விலை கேட்பார், நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவார், எஞ்சுவன எலுமிச்சம்பழங்கள். மூன்று சஞ்சிகைகள் மறுத்த பின்னர் வெளியான இந்தக் கட்டுரையின் ஆசிரியர் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த நோய்க்கு அவர் குறிப்பிட்ட மருந்துகளுள் ஒன்று உத்தரவாதம். தன் பொருளை நம்புபவரே அதற்குப் பிணை நிற்பார் என்பது அதன் அடிப்படை.

ஆனால் மருமகனின் மேசையில் கிடந்த தாள் அந்த மருந்தன்று. அதனை எழுதிய கம்பனி காரைக் கண்ணால்கூடக் காணவில்லை. நல்ல காருக்கும் கெட்ட காருக்கும் ஒரே தாள், ஒரே விலை. காரின் குறையை அறிந்த ஒரே மனிதர், அதாவது விற்பனையாளர், எதற்கும் பிணை நிற்கவில்லை. பிணை நிற்கும் வேலையை வேறொருவருக்கு மாற்றி, அதற்கும் நம்மிடமே பணம் வாங்குகிறார். அவர் உண்மையில் காரை நம்பினால் 2,100 பவுணுக்குத் தாள் விற்கமாட்டார். "ஒரு வருடத்துக்குள் ஏதும் நடந்தால் கொண்டுவாருங்கள்" என்று தன் கைப்பட எழுதித் தருவார். நான் அறிந்தவரையில் இந்த வியாபாரத்தின் உள்ளுடன் இவ்வளவுதான்.

இது இலண்டனுக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவில் இவ்வகைத் தாள்கள் உத்தரவாதம் என்றே விற்கப்பட்டாலும், 1975ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் அவற்றைச் சேவை ஒப்பந்தம் என்றே வகைப்படுத்துகிறது. பொருளின் விலைக்குள் அடங்கி வருவதே உத்தரவாதம். தனியே காசு கொடுத்து வாங்குவது ஒப்பந்தம். "உங்கள் காரின் உத்தரவாதம் முடிவடையப்போகிறது" என்று தொடங்கும் தானியங்கித் தொலைபேசி அழைப்புகளை அறியாத அமெரிக்கர் இல்லை எனலாம். 2021இல் மூன்று மாத காலத்துள் 50 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களுக்கு 500 கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகளை விடுத்த ஒரு கூட்டத்துக்கு, அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு 2023 ஆகஸ்டில் ஏறத்தாழ 30 கோடி டாலர் அபராதம் விதித்தது. சட்டபூர்வமாக இயங்கிய கார்ஷீல்ட் என்ற பெரிய கம்பனிகூட, விளம்பரங்களில் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தியது என்ற குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள 2024 ஜூலையில் ஒரு கோடி டாலர் செலுத்த இணங்கியது. கொன்சியூமர் றிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் சஞ்சிகை 2013இல் நடத்திய ஆய்வில், நீடித்த உத்தரவாதம் வாங்கிய கார் உரிமையாளருள் 55 சதவீதத்தினர் அதனை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை என்று தெரியவந்தது.

மறுபக்கத்தையும் சொல்வதே பத்திரிகைத் தர்மம். டக் டெமுரோ என்ற அமெரிக்க வாகன எழுத்தாளர் 2006ஆம் ஆண்டு ரேஞ்ச் ரோவர் ஒன்றை கார்மாக்ஸ் என்ற பெரும் விற்பனை நிறுவனத்திடம் வாங்கினார். நான்காயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவான தொகை கொடுத்து ஆறு ஆண்டு உத்தரவாதமும் பெற்றார். ஒன்றன்பின் ஒன்றாக வந்த பழுதுகளைத் திருத்த அந்த உத்தரவாதம் செலுத்திய தொகை, அவர் கொடுத்ததைப் பன்மடங்கு விஞ்சியது. அவர் அதனை எழுதி எழுதியே பிரசித்தி பெற்றார். ஆயினும் அவருடைய ஒப்பந்தத்தின் தன்மையைக் கவனிக்க வேண்டும். காரை விற்ற நிறுவனமே அதனை விற்றது, ஏறக்குறைய எல்லாப் பாகங்களும் அடங்கின, காலம் நீண்டது. அடிக்கடி பழுதாகும் காரும் விரிந்த ஒப்பந்தமும் ஒன்றுசேர்ந்தால் இலாபம் வாடிக்கையாளருக்கு. ஆனால் எல்லோரும் டெமுரோவாகிவிட்டால் கம்பனி விலையை உயர்த்தும். அல்லது அடங்காதவற்றின் பட்டியலை நீட்டும். பழுதாகும் என்று அஞ்சுபவரே அதிகம் வாங்குவதால், இந்த வியாபாரம் அந்தத் திசையிலேயே நகரும்.

இன்னொரு வகையினருக்கும் இது பொருந்தலாம். திடீரென்று மூவாயிரம் பவுண் செலவு வந்தால் எங்கும் புரட்ட முடியாதவர், இலாப நட்டக் கணக்கைப் பார்ப்பதில்லை, நிம்மதியை வாங்குகிறார். அது தவறன்று. ஆனால் அத்தகையவர் முதலில் கேட்க வேண்டியது எந்த உத்தரவாதம் நல்லது என்பதையன்று. எழுபதாயிரம் பவுண் காரின் பழுதுகளைத் தன் வருமானம் தாங்குமா என்பதையே. இதை மருமகனிடம் நேரடியாகவே கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. தங்கை குசினியிலிருந்து, "அவன் எத்தினை வருசம் நித்திரை முழிச்சு உழைச்சவன், அண்ணா" என்றாள். அதற்கு மேல் அந்தக் கேள்வியை நான் வற்புறுத்தவில்லை. அவருடைய கடைக் கணக்கைப் பார்த்தோம். மாதம் நூறு பவுணை ஒதுக்க முடியும் என்று தெரிந்தது.

என் கருத்தை இவ்வாறு சொன்னேன். அந்த 2,100 பவுணில் சிறு பகுதியைக் கார் வாங்குமுன் செலவிடுங்கள். எஞ்சியதை உங்கள் பெயரிலேயே வங்கியில் வையுங்கள். பிரித்தானியாவில் காரின் வருடாந்தத் தகுதிப் பரிசோதனை விபரங்களை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வோராண்டும் ஓடிய மைல், தோல்வியடைந்த காரணங்கள், பரிசோதகரின் எச்சரிக்கைகள் எல்லாம் அங்கே உண்டு. பழைய பத்திரிகைக் கோவையைப் புரட்டுவது போல அதனைப் புரட்டினோம். மைல் கணக்கில் பிசகில்லை. முன்பக்க அச்சுப் பகுதி பற்றி ஒரே எச்சரிக்கை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து காணப்பட்டது.

பின்னர் அல்பேட்டனில் கராஜ் வைத்திருக்கும் எம்மவர் ஒருவரை 200 பவுணுக்கு அமர்த்திக் காரைப் பரிசோதிப்பித்தோம். காரை மாலையில் மட்டமாக நிறுத்தச் சொல்லி, மறுநாள் காலை இயந்திரத்தை இயக்குமுன் நான்கு மூலைகளின் உயரத்தையும் அவர் அளந்தார். முன் இடப்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. காற்றுப் பை கசிகிறது. அதனை எழுத்தில் வாங்கி விற்பனையாளரிடம் கொடுத்தபோது அவர் அதிகம் வாதாடவில்லை. இரண்டு முன்பக்கக் காற்றுப் பைகளையும் தன் செலவில் மாற்றிக்கொடுத்தார். உத்தரவாதத் தாளை வாங்கியிருந்தால், ஏற்கெனவே இருந்த பழுது என்றும் தேய்மானம் என்றும் இரு காரணங்களால் மறுக்கப்பட்டிருக்கக்கூடிய திருத்த வேலை அது.

தாள் வாங்கப்படவில்லை. எஞ்சிய 1,900 பவுணும், மாதந்தோறும் நூறு பவுணும் தனிக் கணக்கில் சேர்ந்தன. பதினான்காவது மாதத்தில், நாம் அஞ்சியபடியே, எண்ணெய் முத்திரை கசிந்தது. அல்பேட்டன்காரர் திருத்திக்கொடுக்க 1,350 பவுண் ஆயிற்று. மருமகன் தொலைபேசியில் அதனைச் சொன்னபோது குரலில் கவலை இருந்தது, கலக்கம் இருக்கவில்லை. எவருடைய அனுமதிக்கும் அவர் காத்திருக்க நேரவில்லை. இன்னும் பெரிய பழுது வந்திருந்தால் என்ன என்று வாசகர் கேட்கலாம். வந்திருக்கலாம். கியர்ப் பெட்டி முற்றாகப் போயிருந்தால் அந்தச் சேமிப்பு போதாது. அவ்வாறான ஒரு நாளில் தாள் வைத்திருப்பவர் 2,000 பவுண் பெற்றுச் சற்று நிம்மதியடைவார். எந்த வழியிலும் ஆபத்து முற்றாக நீங்குவதில்லை. ஆபத்தைச் சுமப்பவர் எதைச் சுமக்கிறோம் என்று அறிந்து சுமக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இதனை இலங்கை வாசகருக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இங்கே பழைய காரே தங்கமாக இருந்தது. வாங்கிய விலைக்கு மேல் விற்றவர்களும் உளர். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஜப்பானிலிருந்து பாவித்த வாகனங்கள் திரும்பவும் வருகின்றன. அவற்றோடு அந்நாட்டு ஏல நிலையங்களின் பரிசோதனைத் தாளும் வரும். காரின் தரப் புள்ளியும், கீறலும் நெளிவும் உள்ள இடங்களும், ஓடிய கிலோமீற்றரும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். 'உத்தரவாதம் உண்டு' என்ற விளம்பர வரியைக் கண்டு மகிழ்பவர்கள், மூல ஏலத் தாளைக் காட்டும்படி கேட்பதில்லை. உத்தரவாதம் என்பது நாளை பற்றிய வாக்கு. ஏலத் தாள் இன்று பற்றிய தகவல். இரண்டில் ஒன்றைத்தான் பெறலாம் என்றால் நான் தகவலையே கேட்பேன்.

போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில், பெற்றோல் கிடையாத நாள்களில், என் மைத்துனரின் ஏ-40 சில துளி பெற்றோலில் இயங்கத் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியது. அதற்கு எவரும் உத்தரவாதம் எழுதிக் கொடுக்கவில்லை. பழுதானால் சந்திக் கராஜில் விட்டார்; திருத்தியவர் நாளையும் அதே சந்தியில்தான் நிற்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் நேர்மையாகத் திருத்தினார். அந்தக் காலமே பொற்காலம் என்று நான் கூறவரவில்லை. பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகத்தைப் புதிதென்று வாங்கி ஏமாந்தவர்களும் அக்காலத்தவரே. ஆனால் வாக்குக் கொடுத்தவரும் பழுதுக்குப் பொறுப்பேற்பவரும் ஒரே மனிதராக இருந்தனர். இப்போது அந்த இருவருக்கும் இடையில் இரண்டு கம்பனிகளும் 28 பக்கங்களும் நிற்கின்றன.

எனவே, இலண்டனிலோ ரொறன்ரோவிலோ கொழும்பிலோ, பாவித்த காரோடு இத்தகைய தாள் ஒன்றை எவரேனும் நீட்டினால் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். பணம் தரப்போவது யார். அவர் மறுத்தால் நான் எங்கே முறையிடலாம்? தேய்மானம் அடங்குமா? இந்தக் காரில் வழமையாகப் பழுதாகும் ஐந்து பாகங்கள் பட்டியலில் உள்ளனவா? என் ஊர்க் கராஜின் கூலியை முழுமையாகத் தருவீர்களா? ஐந்துக்கும் எழுத்தில் திருப்தியான பதில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். "அதெல்லாம் பயப்படாதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்பதுதான் பதிலென்றால், அந்த வாக்கியத்தையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள்.